ஐந்து கிலோ தொள்ளாயிரம்

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, வேலை முடிந்த பலகையை எடை மெஷின்மேல் வைத்துவிட்டு, பலகைக்காரி மூன்று முறை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள். மூன்று முறையும் எண் மாறவில்லை. ஆறு கிலோ முந்நூற்றுப் பத்துக் கிராம். வேண்டியிருந்ததோ ஐந்து கிலோ தொள்ளாயிரம்.

"ஏங்க! கொஞ்சம் இப்படி வர்றீங்களா?"

பக்கத்து அறையில் துணி கத்தரித்துக்கொண்டிருந்த அவளுடைய கணவர் கத்தரிக்கோலைப் பாதியில் நிறுத்தினார். 'கொஞ்சம்' என்னும் சொல் அந்தக் குரலில் வந்தால் அது கொஞ்சத்தில் முடியாது என்பதைப் பதினான்கு ஆண்டு இல்லறம் அவருக்குக் கற்பித்திருந்தது.

அவளைத் தெருவில் யாவரும் பலகைக்காரி என்றே அழைத்தனர். அவள் செய்தவை மரப்பலகைகள் அல்ல. பாய்மரப் பாயைப் பிடித்தபடி நின்றுகொண்டு, காற்றின் வேகத்தில் நீர்மேல் ஓடுவதற்கான பலகைகள். அவற்றுள்ளும் நேராக ஓடி முதலில் வந்து சேர்கின்ற வகையை அவள் தொடுவதில்லை. ஓடுகிற ஓட்டத்தில் துள்ளி, அந்தரத்திலேயே முன்பக்கம் பின்பக்கமாகத் திரும்பி, விழுந்த இடத்தில் பம்பரம்போலச் சுழன்று, ஒன்றும் நடவாததுபோல மறுபடியும் ஓடுகிற வித்தைக்காரர்களுக்கான பலகைகளை மட்டுமே அவள் வடிவமைத்தாள். அவ்வகைப் பலகை குட்டையாகவும் அகலமாகவும் இருத்தல் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கையில் எடுத்தவர் 'உள்ளே ஒன்றுமே இல்லையா?' என்று கேட்கும்படி இலேசாக இருத்தல் வேண்டும்.

உள்ளே உண்மையிலேயே ஒன்றுமில்லைதான். பெட்டிகளில் பொருள் உடையாமலிருக்க அடைத்து வருகிற வெள்ளைத் தெர்மோகோலைப் போன்ற ஒன்றைத்தான் அவள் சூடான கம்பியால் அறுத்து, இழைத்து, உப்புத்தாளால் தேய்த்து வடிவத்துக்குக் கொண்டுவருவாள். அதன்மேல் கணவர் கண்ணாடியிழைத் துணியை விரித்து, ரெசின் என்னும் பிசினைத் தடவி, மூன்று மில்லிமீட்டர் கெட்டி நுரைத்தகட்டைப் போர்த்தி, முழுவதையும் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, பம்பினால் காற்றை உறிஞ்சுவார். பை பலகையை இறுகக் கட்டிக்கொள்ளும். மிகுதியான ரெசின் பிதுங்கி வெளியேறும். பிறகு கார்பன் துணி; மறுபடியும் பை; மறுபடியும் பம்ப். அதற்கப்பால் அவளுடைய தம்பி பட்டி பார்த்து, வண்ணம் அடித்து, கால் வழுக்காமலிருக்க மணல் கலந்த பூச்சைப் பூசுவான். மூன்று பேர், மூன்று அறைகள். இழைக்கும் அறையின் தூசி ஒரு சிட்டிகை ரெசின் அறைக்குள் போனாலும் வேலை கெட்டுவிடும் என்பதால், மூன்று கதவுகளும் எந்நேரமும் சாத்தியே கிடக்கும். சாத்திய கதவுகளுக்குப் பின்னால் அவரவர் இராஜ்யம் அவரவருடையது.

ஒவ்வோர் அறையிலிருந்து பலகை வெளியேறும்போதும் அதன் எடையை நடைக்கூடத்துக் கரும்பலகையில் எழுத வேண்டும் என்பது பட்டறையின் விதி. விதியைச் செய்தவள் அவள். அதைக் கெடுத்தவளும் அவளே. முதலாண்டில், ஆறு இருநூறு வேண்டுமென்றால் இவர்கள் இருவரும் ஆறரைக்குக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். "மாமாவுக்குக் கை கொஞ்சம் தாராளம்" என்று தம்பி வக்காலத்து வாங்கினான். சண்டை போட்டுப் பார்த்தாள், பலிக்கவில்லை. ஆகவே அடுத்த பலகைக்கு, வேண்டிய எடையில் முந்நூறு கிராமைக் கழித்துச் சொன்னாள். அவர்கள் வழக்கம்போல் முந்நூறு கூட்டினார்கள். பலகை கச்சிதமாக வந்து நின்றது. அவள் கழிக்கிறாள் என்பது நாளடைவில் அவர்களுக்குத் தெரிந்துபோயிற்று. அவர்கள் கூட்டுகிறார்கள் என்பதோ அவளுக்கு முன்பே தெரியும். கரும்பலகையில் அவள் கேட்ட எண்ணே எழுதப்பட்டது. பலகைக்குள் வேறோர் எண் இருந்தது. இதைப்பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. இரண்டு பொய்களும் கைகோத்துக்கொண்டு, நாற்பதுக்கு மேற்பட்ட பலகைகளைச் சரியான எடையில் கரைசேர்த்தன.

அந்த ஏற்பாடு இம்முறை குலைந்ததற்குக் காரணம் தும்பி.

தும்பி, கணவரின் தங்கை. நீர்மேல் தொட்டும் தொடாமலும் நிற்கிறவள் என்பதால் ஏரிக்கரையில் வைத்த பெயர், வீட்டிலும் நிலைத்துவிட்டது. ஏழு ஆண்டுகளாக அவள் அண்ணி செய்த பலகைகளைத் தவிர வேறெதிலும் ஏறியதில்லை. அண்ணியோ, தன் பலகையில் ஒரு நிமிடம்கூட விழாமல் நின்றதில்லை. வால்பக்கம் நீரைப் பிடிக்கிறதா, விளிம்பு வழுக்குகிறதா என்பதையெல்லாம் தும்பியின் கால்கள் சொல்லித்தான் அவள் அறிந்திருந்தாள். போன மாதம் மறுகரையிலிருக்கும் பெரிய பட்டறைக்காரர்கள் தும்பிக்கு ஒரு பலகையை அனுப்பிவைத்தனர். அதன் அடியில் ஐந்து கிலோ எண்ணூற்றைம்பது என்று அச்சிட்டிருந்தது.

"அண்ணி, ஞாயித்துக்கிழமை போட்டிக்கு எனக்கு அஞ்சு தொள்ளாயிரத்துல வேணும்" என்று தும்பி வந்து நின்றாள். "ஆறு தாண்டிச்சுன்னா தண்ணியிலயே இறக்க மாட்டேன். அவங்க போர்டுல ஏறிடுவேன். ஞாயித்துக்கிழமை எதுல ஏறுறேனோ, வருஷம் பூரா அதுதான். அப்புறம் கோவிச்சுக்கக் கூடாது."

"மிரட்டுறியாடி?"

"இல்லண்ணி. முன்கூட்டியே சொல்லிடறேன். நாளைக்குச் சொல்லலைன்னு சொல்லுவீங்க."

ஓர் ஆண்டு தும்பியின் கால்கள் இல்லாவிட்டால், அதற்குப்பின் தான் வரைகிற வளைவுகளைத் தனக்குப் படித்துக்காட்ட யார் இருக்கிறார்கள் என்று பலகைக்காரி எண்ணிப் பார்த்தாள். யாருமில்லை. ஆகவே இதில் விளையாடக் கூடாது என்று தீர்மானித்தாள். வழக்கப்படி முந்நூறு கழித்து ஐந்து அறுநூறு என்று சொன்னால் இருவரும் வாய்விட்டுச் சிரிப்பார்கள். அவ்வளவு இலேசான பலகை எங்கும் கிடையாது. எனவே, முதலாண்டுக்குப் பிறகு முதன்முறையாக உண்மையான எண்ணையே சொன்னாள். "இது நிஜக் கணக்கு. கழிக்கவும் இல்ல, ஒண்ணும் இல்ல. அஞ்சு தொள்ளாயிரம்னா அஞ்சு தொள்ளாயிரம்." சொல்லித் தலையில் அடித்துச் சத்தியமும் செய்தாள்.

அதன் பலன்தான் இப்போது எடை மெஷின்மேல் ஆறு முந்நூற்றுப் பத்தாக உட்கார்ந்திருந்தது.

கணவரும் தம்பியும் பள்ளிக்கூடத்தில் அகப்பட்டுக்கொண்டவர்கள்போல வந்து நின்றனர்.

"நானூத்திப் பத்து கிராம் கூட இருக்கு. எங்கேருந்து வந்துச்சு? தானா முளைச்சுதா?"

"ஈரமா இருக்குமோக்கா?" என்றான் தம்பி. "நேத்துலேருந்து காத்துல ஒரு மாதிரி ஈரம்..."

"போர்டுக்கா, உன் மூளைக்கா?"

"மெஷினை ஒரு தடவை பாரேன்" என்றார் கணவர்.

அவள் சமையலறைக்குப் போய், பிரிக்காத ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தைக் கொண்டுவந்து வைத்தாள். ஒரு கிலோ இரண்டு கிராம். இரண்டு கிராம் பொட்டலத்தின் தாள்.

"மெஷின் பொய் சொல்லாது. அதுக்குக் குடும்பம் கிடையாது. இப்ப ஒவ்வொருத்தரா சொல்லுங்க. யார் எவ்வளவு?"

தம்பி தரையைப் பார்த்தான். "நூத்தி முப்பது இருக்கும்கா."

"எதுல?"

"மூக்குல ஒரு தும்பி படம் போட்டேன்ல... சந்தோஷப்படுவாளேன்னு."

பலகையின் முன்னுனியில், நான்கு நிறங்களில் இறக்கை விரித்த ஒரு தும்பி பளபளத்துக்கொண்டிருந்தது. அழகாக இருந்தது என்பதை அவளால் மறுக்க முடியவில்லை. அதுவே அவளுடைய எரிச்சலை இரட்டிப்பாக்கிற்று.

"எத்தனை கோட்?"

"உடம்புக்கு மூணு. இறக்கைக்கு மட்டும்... அஞ்சு. மேல பளபளப்புக்கு ரெண்டு."

"இது பறக்கற தும்பியாடா, பிள்ளைத்தாச்சித் தும்பியா?"

கணவர் சிரிப்பை அடக்க முயன்று தோற்றார். அவள் அவர் பக்கம் திரும்பினாள், சிரிப்பு நின்றது.

"நீங்க?"

"இருநூத்திப் பத்து."

"இருநூத்தி...! எங்க?"

"குதிகால் ஊன்றுற இடத்துல. நுரைத்தகட்டுக்கு அடியில ரெண்டு கார்பன் துண்டு கூட வச்சேன்."

"நிஜக் கணக்குன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னே."

"தலையில அடிச்சுச் சொன்னேனா இல்லையா?"

"போன வருஷம் மஞ்சள் போர்டுக்கும் தலையில அடிச்சுத்தான் சொன்னே. அது முந்நூறு கழிச்ச கணக்கு."

அவளுக்கு அது நினைவுக்கு வந்தது. நினைவுக்கு வந்ததற்காகவும் சேர்த்துக் கோபம் வந்தது. இதற்கிடையில் தம்பி விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தான்.

"அக்கா, என்னோடது நூத்தி முப்பது, மாமாவோடது இருநூத்திப் பத்து. முந்நூத்தி நாப்பதுதான் ஆகுது. மீதி எழுபது?"

கரும்பலகையின் முதல் வரியில் அவளுடைய கையெழுத்தில், இழைப்பு அறையிலிருந்து வெளிவந்தபோது ஒரு கிலோ எண்ணூற்று நாற்பது என்று இருந்தது. அன்று மெஷின் காட்டியது ஒரு கிலோ தொள்ளாயிரத்துப் பத்து. நிலைதடுமாறி விழும்போது பாய்மரம் வந்து மோதுகிற இடமாயிற்றே, எதற்கும் இருக்கட்டுமென்று மூக்கில் கட்டைவிரல் பருமனுக்குக் கெட்டி நுரைத்துண்டு ஒன்றைப் பதித்திருந்தாள். அவர்கள் எப்படியும் கூட்டத்தான் போகிறார்கள், இந்த எழுபது கண்ணில் படவா போகிறது என்று அப்போது தோன்றியிருந்தது.

"என்னோடது" என்றாள்.

"அப்ப நம்ம மூணு பேருமே..." என்று உற்சாகமாகத் தொடங்கிய தம்பி, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மீதியை விழுங்கினான்.

அவள் கட்டர் கத்தியை எடுத்தாள். "மேல்தோலை அறுத்து அந்த ரெண்டு துண்டையும் எடுத்துடறேன். இன்னிக்கே மூடிட்டா நாளைக்குள்ள இறுகிடும்."

கணவர் பலகையின் நடுவில் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து வைத்தார். எப்பொழுதும் வளைந்துகொடுக்கிற மனிதர், அன்று வளையவில்லை.

"எடுக்க விடமாட்டேன்."

"வீம்பு பண்ணாதீங்க. அவ போயிடுவா."

"போகட்டும். முழங்கால் நல்லா இருந்து போகட்டும்."

போன பருவத்தில் தும்பி உயரத்திலிருந்து இறங்கியபோது பலகை குதிகாலுக்கடியில் நொறுங்கிப்போயிற்று. கால் உள்ளே இறங்கி, முழங்கால் திருகிக்கொண்டது. நான்கு மாதம் ஊன்றுகோலோடு நடந்தாள். தெர்மோகோல் கட்டி மட்டமாக வந்துவிட்டது என்பதே பலகைக்காரி இதுவரை நம்பியிருந்த காரணம்.

"கட்டி நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் கணவர், கையை எடுக்காமலேயே. "அந்த போர்டு பண்றப்ப உனக்கும் எனக்கும் ரெண்டு நாளா பேச்சில்ல. ஞாபகமிருக்கா? கோபத்துல, 'அவ சொன்ன நம்பரையே வச்சுக்கட்டும்'னு ஒரு கிராம் கூட்டாம செஞ்சு குடுத்தேன். அந்த ஒரே தடவைதான் நான் உன் பேச்சைக் கேட்டது."

அவளுக்கு அந்த நாள் நன்றாக நினைவிருந்தது. பலகை முந்நூறு கிராம் குறைவாக வந்தது கண்டு அவள் மகிழ்ந்தே போயிருந்தாள். ரெசின் பிழிவதில் அவருக்குக் கை வந்துவிட்டது என்று எண்ணி, பேசாமலிருந்தவள் வலியப்போய்ப் பேசினாள். அவள் கழித்துச் சொன்ன முந்நூறு கிராமும் தும்பியின் குதிகாலுக்கடியில் இல்லாமற் போயிருந்தது.

"இதை ஏன் இவ்வளவு நாளா சொல்லலை?"

"நீ கழிச்சுச் சொல்றேன்னு நீ சொன்னியா?"

அவள் கத்தியை மேசைமேல் வைத்தாள். யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் போவதைக் காட்டிலும் எரிச்சலூட்டுவது வேறொன்றுமில்லை. பிறகு, ஒரு கயிற்றை எடுத்துப் பலகையின் நடுவில் கட்டி, உத்தரத்தில் தொங்கவிட்டு, விரலால் மெல்லச் சுற்றிவிட்டாள். பலகை சோம்பலாகச் சுழன்றது. நிறுத்தப் பிடித்தபோது மூக்கு நிற்காமல் கையை இழுத்தது. மறுபடியும் சுற்றினாள். மறுபடியும் மூக்குத்தான் இழுத்தது.

நிரம்பிய வாளியை உடம்போடு அணைத்துக்கொண்டு திரும்புவது வேறு. கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு திரும்புவது வேறு. தும்பி சுழல்வது தன் இரண்டு கால்களுக்கு நடுவிலுள்ள அச்சில். கணவர் ஒளித்துவைத்த இருநூற்றுப் பத்தும் அந்த அச்சை ஒட்டியே கிடந்தது. தூக்கும்போது கனக்குமேயன்றிச் சுழலும்போது தெரியாது. நுனியிலிருக்கும் தம்பியின் தும்பியும் அவளுடைய நுரைத்துண்டுமே குற்றவாளிகள்.

"உங்க துண்டு இருக்கட்டும்" என்றாள். "மூக்கையும் வாலையும் சுரண்டப்போறோம். டேய், உப்புத்தாளை எடு."

"அக்கா, இறக்கையை மட்டும் விட்டுடலாமா?"

"தேய்டா."

"தும்பி வாலையாவது?"

"தேய்."

"ஒத்தக் கண்ணு?"

அவள் ஏறிட்டுப் பார்த்தாள். அவன் பெருமூச்சு விட்டபடி உட்கார்ந்து, தன் கையால் வரைந்ததைத் தன் கையாலேயே தேய்க்கத் தொடங்கினான். அவளோ மூக்கைக் கீறித் திறந்து, நுரைத்துண்டைப் பெரும்பாலும் குடைந்தெடுத்துவிட்டு, மெல்லிய ஒற்றைத் துணியால் மூடினாள். வால்பக்கத்துப் பூச்சையும் வழித்தெடுத்தார்கள். வெள்ளிக்கிழமை நண்பகலில் மெஷின் ஆறு நூற்று இருபது என்றது. அதற்குக் கீழே இறங்க வழியில்லை. பலகை மூக்கில் சாம்பல் பூத்து, அம்மை போட்ட முகம்போல இருந்தது.

"அஞ்சு தொள்ளாயிரத்து எண்பதுன்னு சொல்லிடலாமேக்கா" என்றான் தம்பி. "கையில தூக்கினா நூத்தி நாப்பது கிராம் யாருக்குத் தெரியப் போகுது?"

அவளுக்கும் அது தோன்றாமலில்லை. ஆறாண்டுப் பழக்கம் நாக்கு நுனியில் தயாராகவே இருந்தது. அவள் கரும்பலகையை ஈரத்துணியால் முழுவதும் துடைத்துவிட்டு, ஆறு நூற்று இருபது என்று எழுதினாள்.

அன்று பிற்பகல் ஏரிக்கரையில் தும்பி பாயைக் கட்டி முடித்துக் காத்திருந்தாள். மறுகரைக்காரர்களின் பலகை, கண்ணைப் பறிக்கும் சிவப்பில், பக்கத்தில் கிடந்தது.

"எவ்வளவு அண்ணி?"

"ஆறு நூத்தி இருபது."

தும்பி இடுப்பில் கைவைத்தாள். "அப்ப ஆறு நானூத்தி இருபதா?"

"ஆறு நூத்தி இருபதுன்னு தமிழ்லதானடி சொன்னேன்?"

"நீங்க ஒரு நம்பர் சொன்னா அதோட முந்நூறு சேர்த்துக்கணும். இது எனக்குத் தெரியாதா?"

"உனக்குமா!" பலகைக்காரி கணவரைப் பார்த்தாள். அவர் வானத்தைப் பார்த்தார். "தெருவுல இன்னும் தெரியாதவங்க யாராவது இருக்காங்களா? சொல்லிடுங்க, ஒரேயடியா தண்டோரா போட்டுடலாம்."

தும்பி தன் பையிலிருந்து கொக்கி வைத்த கைத்தராசை எடுத்து, பலகையைத் தொங்கவிட்டாள். எண் ஆறைத் தாண்டி நின்றது: ஆறு புள்ளி ஒன்று இரண்டு. தராசைத் தட்டினாள். இறக்கி மறுபடியும் தொங்கவிட்டாள். அதே எண்.

"என்ன அண்ணி, உடம்பு சரியில்லையா?"

"அதையும் தொங்கவிடேன்" என்று தம்பி சிவப்புப் பலகையைக் காட்டினான். ஐந்து எண்ணூற்றைம்பது என்று அச்சிட்ட அந்தப் பலகை ஆறு புள்ளி பூச்சியம் நான்கில் நின்றது. தம்பியின் முகம் மலர்ந்ததைப் பார்த்தால், அவனுக்குப் பெண் பார்த்து முடித்துவிட்டார்கள் என்று எண்ணத் தோன்றும். "அங்கயும் ஒரு அக்கா இருக்காங்க போல!"

"ரெண்டும் ஆறு தாண்டிடுச்சு" என்றாள் தும்பி எரிச்சலுடன். "உங்களை எல்லாம் வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? ரெண்டுலயும் ஏறிப் பாக்க வேண்டியதுதான்."

"ஏறுறதுக்கு முன்னாடி ஒண்ணு கேளு" என்றாள் பலகைக்காரி. கணவர் குறுக்கே ஏதோ சொல்ல வந்தார், அவள் விடவில்லை. குதிகாலுக்கடியில் இருக்கிற இருநூற்றுப் பத்தையும், போன பருவத்துப் பலகையில் இல்லாமற்போன முந்நூறையும், ஒன்றையும் பூசிமெழுகாமல் சொன்னாள். "கட்டி மேல பழியைப் போட்டுட்டு இருந்தேன். தப்பு என்னோடது. பாதி உங்க அண்ணனோடது. மத்தபடி கட்டி நல்ல கட்டி."

தும்பி குனிந்து முழங்காலைக் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்திக்கொண்டாள். பிறகு ஏரியைப் பார்த்தாள்.

"காத்து போயிடும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, சிவப்புப் பலகையை எடுத்துக்கொண்டு நீரில் இறங்கினாள்.

அரைமணி நேரம் அதில் ஓடினாள். நன்றாகவே ஓடினாள். துள்ளித் திரும்பும் ஒவ்வொரு முறையும் பலகைக்காரி எட்டி எட்டிப் பார்த்தாள். அழகாகத் திரும்புகிறாளே என்று மகிழவும் முடியவில்லை. விழமாட்டாளா என்று நினைக்கவும் மனம் கூசிற்று. தும்பி கரைக்கு வந்து, பாயைக் கழற்றிச் சாம்பல் மூக்குப் பலகையில் மாட்டிக்கொண்டு மறுபடியும் போனாள்.

முதற் சுற்று வெறுமனே ஓடினாள். இரண்டாவதில் தாழ்வாகத் துள்ளித் திரும்பினாள். மூன்றாவதில், சிவப்புப் பலகையில் அவள் முயன்றுகூடப் பார்க்காத ஒன்றைச் செய்தாள்: தலை உயரத்துக்கும் மேலே எழுந்து, காற்றிலேயே ஒன்றரைச் சுற்றுச் சுழன்று, இரண்டு குதிகால்களும் ஒருசேரப் பதியத் தொப்பென்று இறங்கினாள். கரையில் நின்ற கணவர் தம் தோள்களைக் குறுக்கிக்கொண்டார். பலகை நொறுங்காமல் தாங்கியது. தும்பி வழுக்கிக்கொண்டே பின்னோக்கிப் போய், திரும்பி, மறுபடியும் அதையே செய்தாள். மறுபடியும்.

"போதும், வாடி" என்று பலகைக்காரி தனக்குள் சொல்லிக்கொண்டாள். நல்லது நடக்கும்போது நிறுத்துகிற பழக்கம் அந்தக் குடும்பத்தில் யாருக்குமில்லை. ஏழாவது முறையோ எட்டாவது முறையோ, திடீரென்று அடித்த காற்று பாயைப் பிடுங்கித் தும்பியை முன்னால் வீசியது. பாய்மரம் சாய்ந்து மூக்கில் மோதிய ஓசை கரைவரை கேட்டது.

அவள் பலகையைத் தோளில் சுமந்துகொண்டு நடந்து வந்தாள். மூக்கில் ஒரு சாண் நீளத்துக்கு வெடிப்பு. முகத்தில் காது முதல் காது வரை சிரிப்பு.

"தூக்கறப்ப கனமா இருக்கு, சுத்தறப்ப எங்க போச்சுன்னே தெரியல. குதிகாலை வச்சா தரையில வச்ச மாதிரி இருக்கு. அண்ணி, ஞாயித்துக்கிழமைக்கு இதுதான்." பலகையை மணலில் இறக்கி, வெடிப்பைக் காட்டினாள். "ஆனா மூக்கை ஏன் அப்பளம் மாதிரி பண்ணி வச்சிருக்கீங்க? அறிவிருக்கா?"

"நீ கேட்ட நம்பருக்காகத்தான்டி!"

"நான் ஆறு ஒண்ணு இருந்தாலும் ஏறியிருப்பேன். நீங்க எப்படியும் கூட்டுவீங்கன்னுதான் அஞ்சு தொள்ளாயிரம்னு சொன்னேன்."

பலகைக்காரி மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. எதை முதலில் சொல்வது என்பதுதான் பிடிபடவில்லை. கணவர் பலகையின் ஒரு முனையையும் தம்பி மறுமுனையையும் பிடித்துத் தூக்கி, வாயைத் திறக்காமல் வண்டியில் ஏற்றினார்கள். அந்நேரத்தில் வாயைத் திறக்காமலிருப்பதே அறிவு என்பது இருவருக்கும் ஒருமிக்கத் தெரிந்திருந்தது.

மாலையில், ரெசின் அறையில், ஞாயிறுக்குள் இறுகியாக வேண்டிய வேலை நடந்தது. பலகைக்காரி வெடிப்பின் ஓரங்களை இழைப்பு அறையில் தேய்த்துக் கொண்டுவந்து, குடைந்தெடுத்த நுரைத்துண்டில் வேண்டிய அளவை மட்டும் நறுக்கி வைத்து, அதன்மேல் போட வேண்டிய கார்பன் துணியை வெட்டினாள். வெட்டும்போது கத்தரி தானாகவே ஒரு விரற்கடை அகலமாகப் போகப் பார்த்தது. அவள் அதைத் திரும்ப இழுத்தாள். மறுபடியும், அவ்வளவு குறைவாக இருந்தால் போதுமா என்ற ஐயத்தில் பாதி விரற்கடை விட்டாள். துணி, நுரை, கலந்த ரெசின் எல்லாவற்றையும் சிறிய தராசில் வைத்தாள்.

நடைக்கூடத்தில் கணவர் சுண்ணக்கட்டியோடு காத்திருந்தார். "எவ்வளவு?"

"அறுபத்தெட்டு."

வெளியில் சுண்ணக்கட்டி உராயும் ஓசை கேட்கவில்லை.

"அறுபத்தெட்டுன்னா..." என்று அவர் இழுத்தார்.

"அறுபத்தெட்டுன்னா அறுபத்தெட்டுதாங்க! வேற எவ்வளவா இருக்கும்? எண்பதா? நூறா? நம்பிக்கை இல்லன்னா நீங்களே வந்து பாத்துக்குங்க!"

அவர் வாசலில் தயங்கினார். பிறகு கால்களிலிருந்த தூசியைத் தட்டிவிட்டு, உண்மையாகவே உள்ளே வந்து, முதுகில் கைகளைக் கட்டிக்கொண்டு, தராசின்மேல் குனிந்தார். அவர் பின்னால் தம்பியும் தலையை நீட்டினான். ஈரத்தலையோடு வாசற்படியில் நின்ற தும்பி, "எனக்குத் தெரியலையே, மறைக்காதீங்க" என்று எம்பி எம்பிப் பார்த்தாள்.

ரெசின் கிண்ணத்தில் இறுகத் தொடங்கிக்கொண்டிருந்தது. பலகைக்காரி தூரிகையைப் பிடித்தபடி, மூவரும் பார்த்து முடிக்கும்வரை, பற்களைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.